சின்ன ஊரில் சொந்த வீடு: சுயசான்று முறையில் கட்டட அனுமதி வாங்குவது எப்படி?

மதுரை மாவட்டத்தில் மேலூரிலோ சோழவந்தானிலோ திருமங்கலத்திலோ மூன்று சென்ட் மனை வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். வீடு கட்டப் பணமும் ஓரளவு சேர்ந்துவிட்டது. அடுத்த கவலை பிளான் அப்ரூவல். உள்ளாட்சி அலுவலகத்துக்கு எத்தனை முறை அலைய வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்ற பயத்திலேயே பலர் அனுமதி இல்லாமல் கட்டிவிடுகிறார்கள். பிறகு வங்கிக் கடன், மின் இணைப்பு, வீட்டை விற்பது என்று ஒவ்வொன்றிலும் சிக்கிக்கொள்கிறார்கள்.

அந்தப் பயத்துக்கு இப்போது இடமில்லை. 2024 ஜூலை 22 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த சுயசான்று அடிப்படையிலான கட்டட அனுமதித் திட்டம் சிறிய வீடுகளுக்கான வழியை மிகவும் சுருக்கிவிட்டது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கிராம ஊராட்சி எதுவானாலும் வழி ஒன்றுதான். இணையத்தில் விவரங்களைப் பதிந்து, கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே கையில். கட்டும் முன் ஆய்வுக்கு வருபவருக்காகக் காத்திருக்க வேண்டாம். தெலங்கானா 2020-லேயே இதைப் போன்ற ஒரு முறையைக் கொண்டுவந்தது.

ஆனால் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். முன்பு மனையிலோ வரைபடத்திலோ தவறு இருந்தால், அதைக் கண்டுபிடித்துக் கோப்பைத் திருப்பி அனுப்ப ஓர் அலுவலர் இருந்தார். இப்போது அந்த அலுவலரின் வேலையும் உங்களுடையதுதான். 'நான் சொல்வதெல்லாம் உண்மை, விதிப்படிதான் கட்டுவேன்' என்று கையெழுத்துப் போடுபவர் நீங்கள். அந்தக் கையெழுத்தைத் தைரியமாகப் போட என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. உங்கள் வீடு இந்த முறைக்குள் வருமா?

2024-ல் திட்டம் தொடங்கியபோது இருந்த வரம்புகளின்படி, கீழே உள்ள ஐந்து கேள்விகளுக்கும் 'ஆம்' என்ற பதில் வர வேண்டும். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் வழக்கமான அனுமதி முறைக்குத்தான் போக வேண்டும்.

1. மனையின் பரப்பு 2,500 சதுர அடிக்குள் இருக்கிறதா? ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே சுமார் 5.7 சென்ட் வரை.
2. எல்லாத் தளங்களும் சேர்த்துக் கட்டடப் பரப்பு 3,500 சதுர அடிக்குள் அடங்குமா?
3. தரைத்தளம் மட்டுமா, அல்லது தரைத்தளமும் முதல் மாடியும் மட்டுமா?
4. கட்டடத்தின் உயரம் 7 மீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ 23 அடிக்குள் நிற்குமா?
5. முழுக்கக் குடியிருப்பு மட்டும்தானா?

ஐந்தாவது கேள்வியில்தான் நம் பக்கத்து ஊர்களில் பலர் சறுக்குகிறார்கள். தெருவைப் பார்த்து ஒரு கடை, பின்னால் வீடு என்பது உசிலம்பட்டி முதல் வாடிப்பட்டி வரை பரவலான வழக்கம். கடை ஒரே ஒரு ஷட்டராக இருந்தாலும் அது வணிகப் பயன்பாடு. 'வீடு' என்று சான்று கொடுத்துவிட்டு ஷட்டர் போட்டால், கொடுத்த சான்றே பொய்யாகிவிடும்.

குறிப்பு: அரசு இந்த வரம்புகளை அவ்வப்போது திருத்துகிறது. விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் என்ன வரம்பு இருக்கிறதோ அதுவே செல்லும். பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் சொன்னதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

2. உங்கள் உள்ளாட்சி எது?

கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று உள்ளாட்சியின் தரத்தைப் பொறுத்து மாறுகிறது. மாநகராட்சியில் கூடுதல், பேரூராட்சியிலும் கிராம ஊராட்சியிலும் குறைவு. அதனால் முதலில் உங்கள் மனை யாருடைய எல்லையில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்.

மதுரை மாநகராட்சி 2011-ல் விரிவாகி 100 வார்டுகள் ஆனது. அப்போது திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் நகராட்சிகளும், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. பழைய பத்திரங்களில் இன்னும் பழைய உள்ளாட்சிப் பெயரே இருக்கும். அதைப் பார்த்துத் தவறான உள்ளாட்சியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

மாவட்டத்தின் மற்ற பகுதிகளில்:

- நகராட்சிகள்: மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி.
- பேரூராட்சிகள்: பரவை, வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர், பாலமேடு, அ.வெள்ளாளப்பட்டி, தே.கல்லுப்பட்டி, பேரையூர், எழுமலை.
- மற்றவை கிராம ஊராட்சிகள்.

சந்தேகம் இருந்தால், அந்தத் தெருவில் ஏற்கெனவே உள்ள ஒரு வீட்டின் சொத்துவரி ரசீதைக் கேட்டுப் பாருங்கள். ரசீது கொடுத்தது யாரோ அவர்தான் உங்கள் உள்ளாட்சி.

3. மனையைச் சோதிக்கும் வரிசை

வரைபடம் போடுவதற்கு முன் இதை முடிக்க வேண்டும். ஆடி மாதத்தில் பூமி பூஜை போடப் பலர் முன்வருவதில்லை. அந்த ஒரு மாதத்தை இந்தக் காகித வேலைக்கு ஒதுக்கிக்கொண்டால் ஆவணியில் நிம்மதியாக வேலையைத் தொடங்கலாம்.

படி 1: வில்லங்கச் சான்று. பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். குறைந்தது 30 ஆண்டுக்குப் பாருங்கள். உங்களுக்கு விற்றவருக்கு நிலம் எப்படி வந்தது, இடையில் அடமானம் உண்டா, இதே மனை வேறொருவருக்கும் விற்கப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

படி 2: பட்டா. உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குங்கள். அப்பா பெயரில் உள்ள நிலத்தில் பிள்ளைகளில் ஒருவர் மட்டும் 'நான்தான் உரிமையாளர்' என்று சான்று கொடுப்பது பின்னாளில் குடும்ப வழக்காக முடியும். அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி, பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிந்த பிறகு இறங்குங்கள்.

படி 3: புலப்படம். எஃப்.எம்.பி. என்று சர்வேயர்கள் சொல்வது இதைத்தான். நிலத்தின் நான்கு பக்க அளவுகளும் இதில் இருக்கும். பத்திரத்தில் உள்ள அளவு, புலப்படத்தில் உள்ள அளவு, இடத்தில் டேப் வைத்து அளந்தால் வரும் அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் இருந்தால் கட்டணம் கட்டி அரசு சர்வேயரை அழைத்து அளந்து கல் ஊன்றுங்கள். அடுத்த மனைக்காரர் முன்னிலையில் அளப்பது நல்லது.

படி 4: நிலத்தின் வகை. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்று பாருங்கள். வைகை, பெரியாறு பாசனம் பாயும் வாடிப்பட்டி, சோழவந்தான், மேலூர் பக்கம் பல மனைகள் நஞ்சையை மேடாக்கிப் போட்டவை. பயிர் நிலத்தை வீட்டுமனையாக்க நில உபயோக மாற்ற அனுமதி வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவைப்படும். மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கியபோதே அது நடந்திருக்கிறதா என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

படி 5: மனைப்பிரிவு அனுமதி. 'டி.டி.சி.பி. அப்ரூவ்ட்' என்று பலகையில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண் உள்ள லே-அவுட் வரைபடத்தை வாங்கி, உங்கள் மனை எண் அதில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். பூங்காவுக்கும் பொதுப் பயன்பாட்டுக்கும் ஒதுக்கிய இடத்தைத் துண்டு போட்டு விற்பது பல ஊர்களில் நடக்கும் மோசடி.

படி 6: அனுமதியற்ற மனை என்றால். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அனுமதியற்ற மனைப்பிரிவுகளுக்கென்று 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. உங்கள் மனை அப்படிப்பட்டது என்றால் வரன்முறை ஆணை கையில் இருக்க வேண்டும். ஆணை இல்லாமல் சுயசான்றுக்குப் போகாதீர்கள். அந்தத் தேதிக்குப் பிறகு பிரித்த அனுமதியற்ற மனை என்றால் மிகுந்த எச்சரிக்கை தேவை. வாங்குவதற்கு முன்பாக இருந்தால் விட்டுவிடுவதே மேல்.

படி 7: பாதை. மனைக்குப் போகும் தெரு பொதுப் பாதையா, தனியார் பாதையா? அதன் அகலம் எவ்வளவு? இரண்டு மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறுகிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்புறம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதைத் தெருவின் அகலம்தான் தீர்மானிக்கிறது.

4. மதுரை மண்ணுக்கே உரிய தடைகள்

மற்ற ஊர்களுக்கான பொது ஆலோசனையில் இவை இருக்காது. நம் ஊரில் கட்டாயம் பார்க்க வேண்டியவை இவை.

கோயிலைச் சுற்றி: மீனாட்சி அம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. சுயசான்று வீட்டின் உயரம் 7 மீட்டர்தான் என்பதால் இப்போது சிக்கல் வராது. 'பின்னால் இரண்டு மாடி ஏற்றிக்கொள்ளலாம்' என்று அஸ்திவாரத்துக்குக் கூடுதல் செலவு செய்யாதீர்கள்.

தொல்லியல் சின்னங்கள்: திருப்பரங்குன்றம் குன்று, கீழக்குயில்குடி சமணர் மலை போன்ற இடங்களில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் உள்ளன. 2010-ல் திருத்திய சட்டப்படி சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். மலையடிவாரத்தில் மலிவாக மனை கிடைக்கிறது என்றால் ஏன் மலிவு என்று கேளுங்கள்.

விமான நிலையம்: அவனியாபுரம், பெருங்குடி, வலையங்குளம் சுற்றுவட்டாரத்தில் விமான நிலைய ஆணையத்தின் வண்ண மண்டல வரைபடம் உயர வரம்பைச் சொல்கிறது. உங்கள் மனை எந்த வண்ணத்தில் விழுகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் தடையின்மைச் சான்று வாங்குங்கள்.

கண்மாயும் வாய்க்காலும்: இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வண்டியூர், செல்லூர், மாடக்குளம் என்று கண்மாய்களால் வாழ்ந்த நகரம் இது. ஒரு கண்மாய் நிரம்பினால் வாய்க்கால் வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும். அந்த வாய்க்காலின் மேல் வீடு கட்டினால் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். 2024 அக்டோபரில் பெய்த பெருமழையில் செல்லூர்ப் பகுதியும் பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய தெருக்களும் மூழ்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அங்கே தவித்தவர்களில் பலர் ஏழைகள், வாழ்நாள் சேமிப்பைச் செங்கலாக்கியவர்கள். அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது.

சரிபார்க்கும் முறை:

1. வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணைச் சுற்றி நீல நிறக் கோடுகளும் ஓடை, வாய்க்கால் குறிகளும் உண்டா என்று பாருங்கள்.
2. கண்மாய், ஊருணி, ஓடைப் புறம்போக்கு என்று அ-பதிவேட்டில் இருந்தால் அந்த இடத்தைத் தொடவே தொடாதீர்கள். 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி அகற்றப்படலாம். மின் இணைப்பும் வரி ரசீதும் இருந்தாலும் காப்பாற்றாது.
3. நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் மனை இருந்தால் கூடுதல் நிபந்தனைகள் வரலாம். சுயசான்று போடும் முன் உள்ளாட்சிப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.
4. ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள்: "ஐயா, பெருமழைக்கு இங்க தண்ணி எதுவரைக்கும் வரும்?" இந்த ஒரு கேள்வியின் பதில் எந்த ஆவணத்திலும் இருக்காது.

5. வரைபடம்: எங்கே கணக்குத் தவறும்?

பதிவு பெற்ற பொறியாளரிடம் வரைபடம் போடுங்கள். கொத்தனார் சொன்ன அளவுக்குக் கட்டிவிட்டு, பிறகு அதற்கேற்ப வரைபடம் போடுவது தலைகீழ் வழி. 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் மாநிலம் முழுவதற்கும் அடிப்படை. சுயசான்று முறை அனுமதி வாங்கும் வேலையைத்தான் எளிதாக்கியது. கட்டட விதிகள் அப்படியே இருக்கின்றன.

பரப்புக் கணக்கு. தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, சாதாரண வீடுகளுக்கு 2. மனை 1,307 சதுர அடி (3 சென்ட்) என்றால் மொத்தம் 2,614 சதுர அடி வரைதான். நான்கு சென்ட் வரை இந்தக் குறியீடுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். அதற்கு மேல் போனால் 3,500 சதுர அடி என்ற வரம்பு முன்னால் வந்து நிற்கும். ஐந்தரை சென்ட் வைத்திருப்பவர் குறியீட்டின்படி 4,700 சதுர அடிக்கு மேல் கட்டலாமே என்று நினைக்கலாம். ஆனால் சுயசான்றில் 3,500 சதுர அடியோடு நிறுத்த வேண்டும்.

சுற்றி விட வேண்டிய இடம். செட்பேக் என்று எல்லோரும் சொல்வது. தெருவின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து விதியில் அட்டவணை இருக்கிறது. உங்கள் மனைக்குரிய வரியைப் பொறியாளரிடம் காட்டச் சொல்லி, வரைபடத்திலேயே எழுதவையுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. மனை 30 அடி அகலம், 43 அடி நீளம். முன்புறம் 1.5 மீட்டர், இரு பக்கமும் 1 மீட்டர் விட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தில் 23.5 அடியும் நீளத்தில் 38 அடியும் மிஞ்சும். ஒரு தளத்துக்கு ஏறத்தாழ 893 சதுர அடி, இரண்டு தளத்துக்கு 1,786. பின்புறமும் விட வேண்டியிருந்தால் இன்னும் குறையும். குறியீடு 2,580 வரை அனுமதித்தாலும் இடம் அனுமதிக்காது. 'எத்தனை அறை வேண்டும்' என்று வீட்டில் பேசும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

உயரக் கணக்கு. அதிகம் பேர் தவறுவது இங்கேதான். தளத்துக்குத் தளம் பத்தரை அடி என்றால் இரண்டு தளத்துக்கு 21 அடி. தெருவிலிருந்து இரண்டு அடி மேடாக்கினால் 23 அடி, வரம்பின் விளிம்பு. நம் ஊரில் சாலையை ஒவ்வொரு முறையும் சுரண்டாமல் மேலேயே போடுவதால் வீடு பள்ளமாகிவிடும் என்று பயந்து மூன்று அடி மேடாக்குவார்கள். அப்போது 24 அடி, அதாவது 7.3 மீட்டர் ஆகிவிடும். மேடும் வேண்டும், வரம்பும் காக்க வேண்டும் என்றால் தள உயரத்தை 10 அடியாக்குங்கள். உயரத்தை எந்த மட்டத்திலிருந்து எதுவரை எடுத்திருக்கிறார்கள் என்று குறுக்குவெட்டு வரைபடத்தில் தெளிவாகக் குறிக்கச் சொல்லுங்கள்.

மறக்கக் கூடாதவை: மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். கழிவுநீர்த் தொட்டியும் ஆழ்துளைக் கிணறும் மனையின் எதிரெதிர் மூலைகளில் இருக்கட்டும். அடுத்த வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

6. இணையத்தில் விண்ணப்பிக்கும் படிகள்

1. தமிழ்நாடு அரசின் ஒற்றைச் சாளரக் கட்டட அனுமதி இணையதளத்தில் உங்கள் கைபேசி எண்ணிலேயே கணக்குத் தொடங்குங்கள். கம்ப்யூட்டர் சென்டர்காரரின் எண்ணிலோ இடைத்தரகரின் எண்ணிலோ வேண்டாம். பின்னாளில் வரும் எல்லாத் தகவலும் அந்த எண்ணுக்குத்தான் வரும்.
2. 'சுயசான்று' பிரிவைத் தேர்ந்தெடுத்து மாவட்டம், உள்ளாட்சி, வார்டு, சர்வே எண் ஆகியவற்றைப் பதியுங்கள்.
3. ஆவணங்களை ஏற்றுங்கள்: கிரயப் பத்திரம், பட்டா, புலப்படம், லே-அவுட் ஒப்புதல் அல்லது வரன்முறை ஆணை, மனையின் புகைப்படம், வரைபடம். எழுத்து தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியில் சாய்வாக எடுத்த படம் வேண்டாம்.
4. மனைப்பரப்பு, ஒவ்வொரு தளத்தின் பரப்பு, உயரம் ஆகியவற்றை வரைபடத்தில் உள்ளபடியே பதியுங்கள். வரைபடத்தில் ஓர் எண், படிவத்தில் வேறோர் எண் என்று இருக்கக் கூடாது.
5. உறுதிமொழியை முழுவதும் படியுங்கள். அவசரத்தில் டிக் போட்டு அடுத்த பக்கம் போய்விடாதீர்கள். இந்தக் கட்டுரையில் சொன்ன சோதனைகள் எல்லாம் இந்த ஒரு பக்கத்துக்காகத்தான்.
6. கட்டணத்தை இணையம் வழியாகவே செலுத்துங்கள். பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்பு, வசதிகள் கட்டணமும் இந்த முறையில் கிடையாது. சதுர அடிக் கணக்கில் ஒரே ஒருங்கிணைந்த கட்டணம்தான். திரையில் காட்டும் தொகைக்கு மேல் ஒரு ரூபாய்கூட யாருக்கும் தர வேண்டியதில்லை.
7. கியூ.ஆர். குறியீடு உள்ள அனுமதிக் கடிதத்தையும் வரைபடத்தையும் தரவிறக்கி, ஸ்கேன் செய்து சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று கட்டுமிடத்தில், ஒன்று வங்கிக்கு.

குறிப்பு: வங்கிக் கடன் வாங்குபவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே வங்கியின் பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டிவிடுங்கள். அனுமதி வாங்கியபின் வங்கி ஒரு மாற்றம் கேட்டால் மறுபடி முதலிலிருந்து போக வேண்டும்.

7. கட்டும்போது: வரிசையும் பாதுகாப்பும்

படி 1: மூலை மட்டம். வானம் தோண்டும் முன் அனுமதி வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கயிறு கட்டி, சுற்றி விடும் இடத்தை நீங்களே அளந்து பாருங்கள். அஸ்திவாரம் போட்ட பிறகு அரை அடி தள்ள முடியாது.

படி 2: மண். திருமங்கலம், தே.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் கரிசல் மண். மழைக்கு உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் சுவரில் விரிசல் வரும். பொறியாளரிடம் மண் பரிசோதனைக்குச் சொல்லி, தேவைப்பட்டால் அடிப்புடைத்த பைல் அஸ்திவாரம் போடுங்கள். மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கம் சில இடங்களில் பாறை சீக்கிரம் தட்டுப்படும். வயலை மேடாக்கிய மனையில் கொட்டிய மண்ணின் மேல் அஸ்திவாரம் நிற்கக் கூடாது. பழைய நிலமட்டத்துக்குக் கீழே உறுதியான மண் வரும்வரை போக வேண்டும்.

படி 3: குழிகள். ஐந்து அடிக்கு மேல் ஆழமான குழியின் பக்கச் சுவர் சரிந்துவிழலாம். பக்கங்களைச் சாய்வாக வெட்டுங்கள் அல்லது பலகை முட்டுக் கொடுங்கள். குழியைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். தெருப் பிள்ளைகள் விளையாடும் இடம் அது.

படி 4: மின்கம்பி. வீட்டை ஒட்டிப் போகும் கம்பிகளைப் பார்க்காமல் சென்ட்ரிங் அடித்து உயிர்போன தொழிலாளர்கள் பலர். மத்திய மின் ஆணைய விதிப்படி தெருவில் போகும் தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். 11 கிலோவோல்ட் கம்பி என்றால் பக்கவாட்டில் 1.2, மேலே 3.7 மீட்டர். இடைவெளி குறைவாக இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு மின் பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கம்பியை மாற்றியமைத்த பிறகே மேல்தளத்துக்குப் போங்கள்.

படி 5: தற்காலிக மின் இணைப்பு. பக்கத்து வீட்டிலிருந்து வயரை இழுக்காதீர்கள். முறையான தற்காலிக இணைப்பு வாங்கி, 30 மில்லி ஆம்பியர் கசிவு மின் துண்டிப்பான் பொருத்துங்கள். ஈரத்தில் நின்று மோட்டாரும் வைப்ரேட்டரும் இயக்குபவர்களின் உயிர் அதில்தான் இருக்கிறது.

படி 6: முட்டுகளைப் பிரிப்பது. தளத்தின் இடைவெளி 4.5 மீட்டர் வரை என்றால் முட்டுகள் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள் நிற்க வேண்டும். 'அடுத்த சைட்டுக்குப் பலகை வேணும்' என்று மேஸ்திரி அவசரப்படுத்தினால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 7: கழிவுநீர்த் தொட்டி. கட்டி மூடிய தொட்டிக்குள் சென்ட்ரிங் பலகை எடுக்க யாரையும் இறக்காதீர்கள். உள்ளே நச்சுவாயு இருக்கலாம், பிராணவாயு இல்லாமலும் இருக்கலாம். மூடியை இடும் முன்பே பலகைகளை எடுத்துவிடும்படி வேலையைத் திட்டமிடுங்கள்.

8. அடிக்கடி நடக்கும் தவறுகள்

- சன்ஷேடும் படியும் எல்லை தாண்டுவது. சுவரை உள்ளே கட்டிவிட்டு, மாடிப்படியைத் தெருவில் இறக்குவது. படியும் கட்டடத்தின் பகுதிதான்.
- பால்கனியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. பிறகு அதைக் கிரில் போட்டு அறையாக்கினால் பரப்பு வரம்பைத் தாண்டிவிடும்.
- இரண்டாவது மாடி 'பிறகு பார்த்துக்கலாம்' என்பது. சுயசான்று தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் மட்டும். மேலே ஒரு அறை போட்டாலும் புதிய அனுமதி வேண்டும்.
- கட்டும்போது மாற்றுவது. வாஸ்து பார்ப்பவர் சொன்னார் என்று சமையலறையை வெளியே தள்ளுவார்கள். வாஸ்து பார்ப்பதென்றால் வரைபடம் போடும்போதே பார்த்துவிடுங்கள்.
- பெரிய மனையைக் காகிதத்தில் சிறியதாகக் காட்டுவது. ஏழு சென்ட் மனையில் ஐந்து சென்டுக்கு மட்டும் சான்று கொடுப்பது ஏமாற்று. வில்லங்கச் சான்றில் முழுப் பரப்பும் தெரியும்.
- முகவரிடம் கடவுச்சொல்லைக் கொடுப்பது. அவர் பதிந்த தவறான விவரத்துக்கும் சட்டப்படி பொறுப்பு உங்களுடையதே.

கொடுத்த விவரம் தவறென்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும். வேலையை நிறுத்தச் சொல்லி அறிவிப்பு வரலாம், கட்டடத்துக்குச் சீல் வைக்கலாம், விதிமீறிய பகுதியை இடிக்கவும் உத்தரவிடலாம். ஆய்வு இல்லாமல் அனுமதி கொடுத்தது உங்கள் சொல்லை நம்பித்தான்.

9. வரம்பைத் தாண்டினால்?

கடையும் வேண்டும், மூன்று தளமும் வேண்டும் என்றால் மனம் தளராதீர்கள். அதே ஒற்றைச் சாளர இணையதளத்தில் வழக்கமான விண்ணப்பம் போடலாம். அதில் ஆய்வு உண்டு, கட்டணம் கூடுதல், நாளும் பிடிக்கும். இரண்டில் எது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். இன்னொரு வேறுபாட்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுயசான்று வீட்டுக்குக் கட்டி முடித்தபின் பணி நிறைவுச் சான்று தேவையில்லை என்று திட்டமே சொல்கிறது. பெரிய கட்டடங்களுக்கு அது தேவைப்படலாம். பணி நிறைவுச் சான்று இல்லாத கட்டடங்களுக்கு மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புத் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 17 அன்று கூறியிருப்பதால், அந்த வகைக் கட்டடம் கட்டுபவர்கள் விதியிலிருந்து ஒரு அடிகூட விலக முடியாது.

10. கையெழுத்துப் போடும் முன் கடைசிச் சரிபார்ப்பு

கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள்.

1. பட்டா என் பெயரில் தனியாக இருக்கிறது.
2. பத்திரம், புலப்படம், நேரில் எடுத்த அளவு மூன்றும் ஒத்துப்போகின்றன.
3. மனைப்பிரிவு ஒப்புதல் அல்லது வரன்முறை ஆணை கையில் இருக்கிறது.
4. வாய்க்கால், கண்மாய், ஓடைப் புறம்போக்கு எதையும் என் மனை தொடவில்லை.
5. தொல்லியல், விமான நிலையக் கட்டுப்பாடு பார்த்தாயிற்று.
6. மனை 2,500, கட்டடம் 3,500, உயரம் 7 மீட்டர், இரண்டு தளம்: நான்கும் வரம்புக்குள்.
7. கடை இல்லை, வீடு மட்டும்.
8. சுற்றி விடும் இடம் அட்டவணைப்படி வரைபடத்தில் எழுதியிருக்கிறது.
9. வரைபடத்தின் எண்களும் படிவத்தின் எண்களும் ஒன்றே.

ஒன்பதுக்கும் டிக் விழுந்தால் இன்றே விண்ணப்பியுங்கள். ஒன்று விழாவிட்டால் அதைச் சரிசெய்த பிறகு விண்ணப்பியுங்கள். இணையதளம் நாளைக்கும் திறந்திருக்கும். அவசரத்தில் கொடுத்த தவறான சான்றோ அந்த வீடு உள்ளவரை உங்கள் பெயரில்தான் இருக்கும்.